பின்னணி வேலை ஏன் பாதியில் நிற்கிறது? ஆண்ட்ராய்டு மின்சேமிப்போடு ஒத்துப்போகும் செயலியை எழுதும் முறை

மேசையில் கேபிளோடு இருக்கும்வரை செயலி ஒழுங்காக ஓடுகிறது. பயனரின் சட்டைப்பைக்குப் போனதும் நினைவூட்டல் வருவதில்லை, பதிவுகள் சர்வருக்குப் போவதில்லை. புதிதாக ஆண்ட்ராய்டு எழுத வருபவர்கள் அநேகமாக எல்லோரும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். உடனே பேட்டரி விலக்கு (மின்சேமிப்புக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுதலை) கேட்கும் பெட்டியைத் திரையில் காட்டிப் பிரச்சினையை மூடப் பார்க்கிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. சரியான வரிசையைக் கீழே தருகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே செயலியை வைத்துக்கொள்வோம்: நீரிழிவு நோயாளிகளுக்கானது. மருந்து வேளையை நினைவூட்ட வேண்டும். சர்க்கரை அளவுப் பதிவுகளைச் சர்வருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவர் அனுப்பும் அவசரச் செய்தியைக் காட்ட வேண்டும். நடைப்பயிற்சியின் வழித்தடத்தைப் பதிய வேண்டும். நான்கும் பின்னணி வேலைகள்தான். ஆனால் நான்கையும் ஒரே சேவைக்குள் (சர்வீஸ், அதாவது செயலியின் திரையில்லாத பின்னணிக் கூறு) போட்டால் நான்குமே கெடும்.

தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு ஓடும் உண்மையான கைபேசி ஒன்று. முடிந்தால் வேறு நிறுவனத்தின் கைபேசி இன்னொன்று. எமுலேட்டர் (கணினியில் ஓடும் போலிக் கைபேசி) மட்டும் போதாது, ஏனெனில் கைபேசி நிறுவனங்கள் தாங்களாகச் சேர்க்கும் மின்சேமிப்பு அடுக்கு அதில் இருக்காது.

கணினியில் ஏடிபி (கைபேசிக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வேலை செய்ய வேண்டும். செயலிக்குள் ஒரு பதிவேடும் தேவை: எந்த வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, ஏன் நின்றது என்பதைக் கைபேசியிலேயே கோப்பில் எழுதிவைக்க வேண்டும். கேபிள் வழியாகக் கணினியில் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டை நம்பிப் பயனில்லை. கேபிள் இல்லாத இரவில் நடப்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

1. யார் நிறுத்துகிறார்கள் என்று முதலில் பிரித்தறியுங்கள்

'ஆண்ட்ராய்டு என் சேவையைக் கொன்றுவிட்டது' என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. தனித்தனியாக ஐந்து தடைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி வேறு.

முதலாவது டோஸ். ஆண்ட்ராய்டு 6-இல் வந்தது. சார்ஜ் ஏறாமல், திரை அணைந்து, கைபேசி அசையாமல் சிறிது நேரம் கிடந்தால் இது தொடங்கும். செயலிகளுக்கு இணையம் கிடைக்காது, வேக்லாக் (புராசஸரைத் தூங்கவிடாமல் பிடித்துவைக்கும் வழி) மதிக்கப்படாது, சாதாரண அலாரங்களும் ஜாப்களும் (ஆண்ட்ராய்டிடம் ஒப்படைத்துவைக்கும் பின்னணி வேலைகள்) தள்ளிவைக்கப்படும். இடையிடையே பராமரிப்பு இடைவேளை என்று சிறிது நேரம் கதவு திறக்கும். நேரம் போகப்போக அந்த இடைவேளைகள் அரிதாகும். ஆண்ட்ராய்டு 7 முதல், கைபேசி பையில் அசைந்துகொண்டிருந்தாலும் திரை அணைந்திருந்தால் இதன் இலேசான வடிவம் தொடங்கிவிடும்.

இரண்டாவது, ஆண்ட்ராய்டு 8 கொண்டுவந்த பின்னணிச் சேவைக் கட்டுப்பாடு. பயனர் செயலியைவிட்டு வெளியேறிய சில நிமிடங்களில் சாதாரண சேவை நிறுத்தப்படும். பின்னணியில் இருந்தபடி புதிதாகச் சேவையைத் தொடங்க முயன்றால் இல்லீகல்-ஸ்டேட் பிழை வரும்.

மூன்றாவது, ஆண்ட்ராய்டு 9-இன் காத்திருப்பு பக்கெட்டுகள். செயலியை எவ்வளவு அடிக்கடி திறக்கிறார்கள் என்பதைப் பார்த்து ஆக்டிவ், வொர்க்கிங் செட், ஃப்ரீக்வென்ட், ரேர் என்று ஆண்ட்ராய்டு வகைப்படுத்துகிறது. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து இவற்றுக்கும் கீழே ரெஸ்ட்ரிக்டட் இருக்கிறது. ரேர் பக்கெட்டில் விழுந்த செயலியின் ஜாப்களுக்கு 24 மணி நேரத்துக்குப் பத்து நிமிட ஓட்டம்தான் கிடைக்கும். நோயாளி வாரம் ஒருமுறை மட்டும் திறக்கிற செயலி இந்தப் பக்கெட்டுக்குத்தான் இறங்கும் என்று வைத்துக்கொண்டு வடிவமையுங்கள்.

நான்காவது, கட்டாய நிறுத்தம். அமைப்புகளுக்குள் போய்ப் பயனர் செயலியை நிறுத்தினால், அவர் மீண்டும் கையால் திறக்கும்வரை அலாரமும் இல்லை, ஜாப்பும் இல்லை, சர்வரின் செய்தியும் இல்லை. இதைச் சுற்றிப்போக வழி கிடையாது, தேடவும் கூடாது.

ஐந்தாவது, கைபேசி நிறுவனங்களின் சொந்த அடுக்கு. அதை எட்டாவது படியில் பார்ப்போம்.

2. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்விகள்

கோட் எழுதும் முன் தாளில் எழுதுங்கள். இந்த வேலை தாமதமானால் பயனருக்கு என்ன கேடு? இந்த வேலை நடப்பது இப்போது அவருக்குத் தெரியுமா?

பதிவுகளை அனுப்புவது ஒரு மணி நேரம் தாமதமானாலும் கேடில்லை: வொர்க்மேனேஜர் (தள்ளிப்போடக்கூடிய வேலைகளை வரிசையில் வைத்து ஓட்டும் நூலகம்). மருந்து வேளை தவறினால் கேடு: துல்லிய அலாரம். செய்தியின் நேரத்தை முடிவு செய்வது சர்வர்: எஃப்சிஎம் (சர்வரிலிருந்து கைபேசிக்குச் செய்தி தள்ளும் கூகுளின் சேவை). நடைப்பயிற்சி பயனரே பொத்தானை அழுத்தித் தொடங்குவது, நடக்கும்போது அவருக்குத் தெரிவது: முன்னணிச் சேவை.

இந்தப் பகுப்பைத் தவிர்த்துவிட்டு 'எப்போதும் ஓடும் ஒரு சேவை' எழுதுவதுதான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை. அந்தச் சேவையை உயிரோடு வைத்திருக்கவே பாதி கோட் செலவாகும். கடைசியில் அதுவும் நிற்கும்.

3. தள்ளிப்போடக்கூடியதை வொர்க்மேனேஜரிடம் கொடுங்கள்

வரிசை முக்கியம். பயனர் பதிவை உள்ளிட்டவுடன் அதை முதலில் கைபேசியின் தரவுத்தளத்தில் 'அனுப்பப்படவில்லை' என்ற குறியோடு சேமியுங்கள். பிறகே அனுப்பும் வேலையை வரிசையில் சேருங்கள். வேலை எந்த நொடியிலும் பாதியில் நிறுத்தப்படலாம். தரவு நினைவகத்தில் மட்டும் இருந்தால் அதோடு போய்விடும்.

ஒவ்வொரு பதிவுக்கும் கைபேசியிலேயே ஓர் அடையாள எண்ணை உருவாக்கிச் சர்வருக்கு அனுப்புங்கள். பதில் வருமுன் வேலை நின்றால் அதே பதிவு மறுபடியும் போகும். அடையாள எண் இருந்தால்தான் சர்வர் அதை இரண்டாவது பதிவாக எண்ணாது. நோயாளி ஒருமுறை எடுத்த அளவு மருத்துவரின் திரையில் இரண்டு முறை தெரிவது சிறிய பிழை அல்ல.

திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். ஐந்து என்று எழுதினாலும் அது 15 ஆகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒரு வேலை ஒரு முறைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட முடியாது. ஆகவே நூறு பதிவுகள் சேர்ந்துவிட்டால் சிறு தொகுதிகளாக அனுப்பி, ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் குறியை மாற்றுங்கள்.

இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, வேலைக்குத் தனிப்பெயர் வைக்காமல் சேர்ப்பது. செயலியைத் திறக்கும்போதெல்லாம் இன்னொரு தொடர்வேலை சேர்ந்து, சில வாரங்களில் ஒரே வேலை பல பிரதிகளாக ஓடிப் பேட்டரியைக் குடிக்கும். தனிப்பெயரும் 'இருப்பதை வைத்துக்கொள்' என்ற கொள்கையும் கொடுத்தால் இது வராது.

மற்றொன்று, நிபந்தனைகளை அடுக்குவது. சார்ஜ் ஏற வேண்டும், வைஃபை வேண்டும், கைபேசி சும்மா இருக்க வேண்டும் என்று மூன்றையும் சேர்த்தால், வீட்டில் வைஃபையே இல்லாத பயனருக்கு அந்த வேலை ஒருநாளும் ஓடாது. சில கிலோபைட் பதிவுக்கு 'இணையம் இருந்தால் போதும்' என்ற ஒரு நிபந்தனை போதுமானது.

4. மருந்து வேளைக்குத் துல்லிய அலாரம்

இங்கே நிதானமாகப் போங்கள். இந்த எடுத்துக்காட்டில் உயிரோடு தொடர்புள்ள பகுதி இதுதான்.

ஆண்ட்ராய்டு 13-லிருந்து அறிவிப்பு காட்டுவதற்கே பயனரின் அனுமதி வேண்டும். அதை முதலில் கேளுங்கள். அலாரம் சரியாக அடித்தும் அறிவிப்பு தெரியாமல் போனால் பயனில்லை. அடுத்து துல்லிய அலாரத்துக்கான அனுமதி. ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவப்படும் பெரும்பாலான செயலிகளுக்கு அது தானாகக் கிடைப்பதில்லை. அனுமதி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்து, இல்லையென்றால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லி அமைப்புத் திரைக்கு அனுப்புங்கள். பயனர் பிறகு அதைத் திரும்பப் பெற்றால், வைத்திருந்த துல்லிய அலாரங்கள் எல்லாம் நீக்கப்படும். ஆகவே செயலி திறக்கும்போதெல்லாம் அடுத்த அலாரம் இருக்கிறதா என்று பார்த்து மீண்டும் வையுங்கள்.

டோஸிலும் அடிக்கும் 'செட்-எக்ஸாக்ட்-அண்ட்-அலோ-வைல்-ஐடில்' முறையைப் பயன்படுத்துங்கள். ஆனால் டோஸில் ஒரு செயலிக்கு ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் அது அடிக்காது. மூன்று மருந்துகளுக்கு 8:00, 8:03, 8:05 என்று மூன்று அலாரம் வைத்தால் பின்னவை தள்ளிப்போகும். மூன்றையும் ஒரே அலாரத்தில் சேர்த்து ஒரே அறிவிப்பில் காட்டுவதே சரி. நோயாளிக்கும் அதுதான் வசதி.

'செட்-ரிப்பீட்டிங்' வேண்டாம். ஆண்ட்ராய்டு 4.4 முதலே அது துல்லியமானது அல்ல. ஒரு முறைக்கான அலாரம் வைத்து, அது அடித்ததும் முதல் வேலையாக அடுத்ததை வையுங்கள். அறிவிப்பைக் காட்டிவிட்டு அடுத்ததை வைத்தால், நடுவே பிழை நேர்ந்தால் சங்கிலி அறுந்துவிடும்.

கைபேசி மறுதொடக்கம் ஆனால் எல்லா அலாரங்களும் அழியும். அப்போது ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு அனுப்பும் பூட்-கம்ப்ளீட்டட் அறிவிப்பைக் கேட்டு மீண்டும் வைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். பலர் கவனிக்காதது இது: பயனர் பூட்டைத் திறந்த பிறகே அந்த அறிவிப்பு வரும். இரவில் மென்பொருள் புதுப்பிப்புக்காகக் கைபேசி தானாக மறுதொடக்கம் ஆகி, காலை ஏழு மணிவரை யாரும் தொடவில்லை என்றால் ஆறு மணி மருந்துக்கு அலாரம் இருக்காது. இதற்கு லாக்டு-பூட்-கம்ப்ளீட்டட் அறிவிப்பைக் கேளுங்கள். அதைப் பெறும் கூறினை நேரடித் தொடக்கத்துக்கு (பூட்டு திறக்குமுன்பே ஓடுவதற்கு) உரியது என்று மேனிஃபெஸ்டில், அதாவது செயலியின் கூறுகளையும் அனுமதிகளையும் அறிவிக்கும் கோப்பில், குறியுங்கள். அலார நேரங்களை மட்டும், பூட்டு திறக்குமுன்பே படிக்க முடிகிற சாதனச் சேமிப்பில் வையுங்கள். சர்க்கரை அளவுகளை அங்கே வைக்காதீர்கள். அவை பூட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டியவை.

நேரத்தையோ நேர மண்டலத்தையோ பயனர் மாற்றினாலும் அலாரங்களைக் கணக்கிட்டு மீண்டும் வைக்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவருக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம் இருக்கிறது.

அலாரம் அடித்ததும் அதைப் பெறும் கூறான ரிசீவருக்குக் கிடைப்பது சில நொடிகளே. அங்கே அறிவிப்பை மட்டும் காட்டுங்கள். 'மருந்து எடுத்துக்கொண்டேன்' என்று பயனர் அழுத்தியதைச் சர்வருக்கு அனுப்புவது மூன்றாவது படியின் வேலை.

5. சர்வரின் அவசரச் செய்தி

சர்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுப் பார்க்கும் வழியை விட்டுவிடுங்கள். டோஸ் அதை முறித்துவிடும். முறிக்காத நேரத்தில் பேட்டரி வீணாகும். எஃப்சிஎம் இணைப்பை எல்லாச் செயலிகளும் பகிர்ந்துகொள்வதால் செலவு குறைவு.

உயர் முன்னுரிமைச் செய்தி டோஸிலும் உடனே வந்து சேரும். சாதாரண முன்னுரிமைச் செய்தி பராமரிப்பு இடைவேளைவரை காத்திருக்கும். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் உயர் முன்னுரிமையில் அனுப்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் அறிவிப்பாக மாறாத உயர் முன்னுரிமைச் செய்திகள் தொடர்ந்து போனால், பின்னர் வருபவற்றின் முன்னுரிமை குறைக்கப்படலாம். 'இன்சுலின் அளவை மாற்றுங்கள்' என்பது உயர். 'இந்த வார அறிக்கை தயார்' என்பது சாதாரணம்.

செய்தியின் ஆயுளையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் அணைந்த கைபேசிக்கான செய்தி நான்கு வாரம்வரை காத்திருந்து வந்து சேரும். பழைய மருந்தளவு புதியதுபோலத் தெரிவது ஆபத்து.

6. நடைப்பயிற்சிக்கு முன்னணிச் சேவை

முன்னணிச் சேவை என்பது 'என் செயலி வேலை செய்துகொண்டிருக்கிறது' என்று அறிவிப்பு மூலம் பயனருக்குத் தெரிவித்துக்கொண்டே ஓடுவது. வெளிப்படையாக இருப்பதற்காகத்தான் அதற்குக் கூடுதல் உரிமை கிடைக்கிறது.

மேனிஃபெஸ்டில் அதன் வகையை இருப்பிடம் என்று குறியுங்கள். ஆண்ட்ராய்டு 14-ஐ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு வகையும், அந்த வகைக்கான தனி அனுமதியும் கட்டாயம். இருப்பிட அனுமதியை வாங்கிய பிறகே சேவையைத் தொடங்க வேண்டும். வரிசை மாறினால் செயலி அந்த இடத்திலேயே விழும் (கிராஷ் ஆகும்).

பயனர் பொத்தானை அழுத்தும்போது, திரை கண்ணெதிரே இருக்கும்போதே தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், சில விலக்குகள் தவிர, பின்னணியிலிருந்து முன்னணிச் சேவையைத் தொடங்க முடியாது. தொடங்கிய ஐந்து நொடிக்குள் ஸ்டார்ட்-ஃபோர்கிரவுண்டை அழைத்துவிட வேண்டும். தரவுத்தளத்தைத் திறப்பது, பழைய வழித்தடங்களைப் படிப்பது போன்றவற்றை அதற்கு முன் வைக்காதீர்கள். வேகமான கைபேசியில் தெரியாத இந்தத் தவறு, விலை குறைந்த கைபேசியில் செயலியை வீழ்த்தும்.

முன்னணிச் சேவை செயலியின் உயிரைக் காக்கும். புராசஸர் தூங்காமல் காக்காது. தொடர்ந்து கணக்கிட வேண்டியிருந்தால் பகுதி வேக்லாக் வேண்டும், அதற்குக் கால வரம்பும் வேண்டும். வரம்பில்லாத வேக்லாக், விடுவிக்கும் வரி ஓடாமல் போனால் இரவு முழுவதும் பேட்டரியைக் கரைக்கும்.

ஆண்ட்ராய்டு 13 முதல் பயனர் அறிவிப்புப் பகுதியிலிருந்தே செயலியை நிறுத்த முடியும். அப்போது முடிப்பதற்கான அழைப்பு எதுவும் வராது. ஆகவே நடந்த தொலைவைக் கடைசியில் சேமிக்காமல் அவ்வப்போது சேமியுங்கள்.

தரவு ஒத்திசைவு வகையை வைத்து நாள் முழுவதும் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு 15-இல் அந்த வகைக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் ஆறு மணி நேரமே அனுமதி. மறுதொடக்க அறிவிப்பிலிருந்து அதைத் தொடங்கவும் முடியாது.

7. கட்டாயமாக உறங்கவைத்துச் சோதியுங்கள்

எழுதுபவரின் கைபேசி இரண்டு விதத்தில் பொய் சொல்லும். கேபிளில் இருப்பதால் அது சார்ஜ் ஏறுவதாக எண்ணி டோஸுக்குள் போகாது. நாள் முழுவதும் நீங்கள் செயலியைத் திறந்துகொண்டே இருப்பதால் அது ஆக்டிவ் பக்கெட்டைவிட்டு இறங்காது. இரண்டையும் கட்டளையால் மாற்ற வேண்டும். கட்டளைகளை ஒலிப்படி தருகிறேன். முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடுங்கள்.

முதலில் செயலியைப் பின்னணிக்கு அனுப்பித் திரையை அணைத்துவிட்டு, 'ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக்'. கேபிள் மாட்டியிருந்தாலும் கைபேசி தன்னைச் சார்ஜ் இல்லாததாக எண்ணிக்கொள்ளும்.

அடுத்து 'ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில்'. இப்போது டோஸ். அலாரம் அடிக்கிறதா, உயர் முன்னுரிமைச் செய்தி வருகிறதா என்று பாருங்கள். பதிவுகளை அனுப்பும் வேலை ஓடக் கூடாது. ஓடினால் சோதனையே தவறு.

முடிந்ததும் அதே கட்டளையில் 'ஃபோர்ஸ்-ஐடில்' இருந்த இடத்தில் 'அன்ஃபோர்ஸ்' என்று இட்டு வெளியே வாருங்கள். தேங்கிய பதிவுகள் இப்போது ஒரு முறை மட்டும் போக வேண்டும்.

பிறகு பக்கெட். 'ஏடிபி ஷெல் ஏஎம் செட்-ஸ்டேண்ட்பை-பக்கெட்' என்பதோடு செயலியின் பேக்கேஜ் பெயரும் 'ரேர்' என்பதும் சேர்த்து இடுங்கள். 'கெட்' வடிவில் கேட்டால் எண்ணாகப் பதில் வரும்: 10 ஆக்டிவ், 20 வொர்க்கிங் செட், 30 ஃப்ரீக்வென்ட், 40 ரேர், 45 ரெஸ்ட்ரிக்டட். இந்த நிலையில் ஓர் இரவு விட்டு, காலையில் பதிவேட்டைப் படியுங்கள்.

கடைசியில் 'டம்ப்சிஸ் பேட்டரி ரீசெட்' இட மறக்காதீர்கள். மறந்தால் சார்ஜரில் மாட்டியும் ஏறவில்லை என்றே கைபேசி காட்டிக்கொண்டிருக்கும்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு 'வொர்க்மேனேஜர் ஓடவில்லை' என்று குழம்புபவர்கள் பலர். அந்தப் பொத்தான் செய்வது கட்டாய நிறுத்தம். சோதனையில் முகப்புப் பொத்தானை அழுத்தித்தான் வெளியேற வேண்டும்.

8. கைபேசி நிறுவனங்களின் அடுக்கு

சாம்சங் கைபேசியில் ஆழ்ந்த உறக்கச் செயலிகள் என்ற பட்டியல் இருக்கிறது. சியோமியில் தானாகத் தொடங்கும் அனுமதி தனியாக உண்டு. ஹுவாவேயில் செயலி தொடங்குவதைக் கையால் நிர்வகிக்கும் திரை இருக்கிறது. சில கைபேசிகளில் அண்மைச் செயலிகள் பட்டியலிலிருந்து தள்ளிவிடுவதே கட்டாய நிறுத்தத்துக்குச் சமமாகிவிடுகிறது.

இவற்றின் நிலையைச் செயலி கேட்டறிய நம்பகமான பொது வழி கிடையாது. செய்யக்கூடியது: நிறுவனத்தின் பெயரைப் படித்து, அந்தக் கைபேசிக்குரிய விளக்கத்தைச் செயலிக்குள் எளிய தமிழில் படத்தோடு காட்டுவது. அமைப்புத் திரையை நேராகத் திறக்கும் வழிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆகவே முயன்று பார்த்து, திறக்காவிட்டால் செயலியின் பொதுவான தகவல் திரையைத் திறக்குமாறு எழுதுங்கள்.

முதல் நாளே இதைக் காட்ட வேண்டாம். முதல் மருந்து நினைவூட்டலைப் பயனர் அமைத்த உடனே காட்டுங்கள். ஏன் கேட்கிறோம் என்பது அவருக்கு அப்போது தானாகப் புரியும்.

9. விலக்கு கேட்பது, தேவைப்பட்டால் மட்டும்

மேலே உள்ளவற்றை முடித்த பிறகும் ஒரு வேலை தவறுகிறது என்று பதிவேடு காட்டினால் மட்டுமே பேட்டரி மேம்படுத்தலிலிருந்து விலக்கு கேளுங்கள். விலக்கு கிடைத்த செயலி டோஸில் இணையத்தையும் பகுதி வேக்லாக்கையும் பயன்படுத்த முடியும். ஆனால் சாதாரண அலாரம் அப்போதும் அடிக்காது. நான்காவது படியைத் தவிர்த்துவிட்டு விலக்கை நம்பியவர்களின் நினைவூட்டல் விலக்குக்குப் பிறகும் தவறுவது இதனால்தான்.

நேரடியாகக் கேட்கும் பெட்டியை எல்லாச் செயலிகளும் காட்ட கூகுள் பிளே அனுமதிப்பதில்லை. செயலியின் மைய வேலை கெடுகிறது என்று காட்ட முடிய வேண்டும். எஃப்சிஎம் போதும் என்ற நிலையில் இருக்கும் செயலிக்கு அனுமதி மறுக்கப்படலாம்.

10. வெளியிட்ட பிறகு காரணங்களைச் சேகரியுங்கள்

ஆண்ட்ராய்டு 11 முதல், செயலி முந்தைய முறை ஏன் முடிந்தது என்பதை ஆண்ட்ராய்டிடமே கேட்கலாம்: நினைவகம் போதவில்லையா, பயனர் நிறுத்தினாரா, செயலி விழுந்ததா என்று அது சொல்லும். செயலி திறக்கும்போது அந்தப் பட்டியலைப் படித்து, கைபேசி மாதிரியோடும் பக்கெட் எண்ணோடும் சேர்த்து அனுப்புங்கள். நோயாளியின் அளவுகள் எதுவும் அதில் கலக்கக் கூடாது. ஜாப் நின்ற காரணத்தை ஆண்ட்ராய்டு 12 முதல் தனியாகப் பெறலாம், அதையும் சேருங்கள்.

ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் இரண்டு நேரங்களைப் பதியுங்கள்: அடிக்க வேண்டிய நேரம், அடித்த நேரம். இடைவெளி ஒரு நிமிடத்தைத் தாண்டும் கைபேசி மாதிரிகளைப் பிரித்தெடுத்தால் எட்டாவது படியின் விளக்கம் எந்தக் கைபேசிக்குத் தேவை என்பது தெரிந்துவிடும்.

முகப்புத் திரையில் 'கடைசியாக அனுப்பப்பட்டது' என்ற நேரத்தைச் சிறிய எழுத்தில் காட்டுங்கள். அனுப்பப்படாத பதிவு 24 மணி நேரத்துக்கு மேல் தேங்கியிருந்தால் நிறத்தை மாற்றி, 'இப்போதே அனுப்பு' என்ற பொத்தானைத் தாருங்கள். பயனர் அழுத்தும்போது செயலி கண்ணெதிரே திறந்திருக்கும். அந்த நேரத்தில் மேலே சொன்ன ஐந்து தடைகளில் எதுவும் குறுக்கே நிற்காது.